வண்டி ஆயில்: வாரம் ஒருமுறை குச்சியை எடுத்துப் பாருங்கள்



பெட்ரோல் தீர்ந்தால் வண்டி இருமி நின்றுவிடும். டயரில் காற்று இறங்கினால் ஹேண்டில் ஆடும். பிரேக் தேய்ந்தால் கீச்சென்று கத்தும். என்ஜின் ஆயில் குறைந்தால் மட்டும் வண்டி ஒன்றும் சொல்வதில்லை. வழக்கம்போல் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு ஒருநாள் நடுரோட்டில் இறுக்கிப் பிடித்து நின்றுவிடும். காரில் ஆயில் அழுத்தம் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். நாம் ஓட்டும் 100, 110, 125 சி.சி. வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அப்படி ஒரு விளக்கே கிடையாது. நாமே பார்த்தால்தான் உண்டு.

நம் பக்கத்துப் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

“பாய், கடைசியா எப்ப ஆயில் மாத்துனீங்க?”

“பெருநாளைக்கு முன்னாடி மாத்துனேனே.”

“எந்தப் பெருநாளைக்கு?”

இதற்குப் பெரும்பாலும் பதில் வராது. மெக்கானிக்கும் எதிர்பார்ப்பதில்லை. திறந்து பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்கும் திருத்தங்கலுக்கும் அச்சகத்துக்கும் பயர் ஆபீசுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வண்டியில் போய் வருகிறவர்கள் நம்மில் பலர். சாத்தூர், அருப்புக்கோட்டை சந்தைகளுக்குப் பின்சீட்டில் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. இவர்களுக்கு வண்டி நின்ற அன்று சம்பளமும் நின்றுபோகும். ஒரு லிட்டர் நல்ல ஆயில் இன்று 400 ரூபாய்க்கு முன்பின் கிடைக்கிறது. ஆயில் இல்லாமல் ஓடி என்ஜின் ஜாம் ஆனால் போர் போடுவது, பிஸ்டன், ரிங், ஹெட் வேலை என்று பல ஆயிரங்கள் போகும். நாலைந்து நாள் வேலையும் போகும். அந்தப் பணத்துக்குக் கடன் வாங்க வேண்டிய வீடுகளை மனதில் வைத்துத்தான் இந்த மாதம் இதை எழுதுகிறோம்.

முன்பு எங்கே, இப்போது எங்கே

வீட்டுப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு குழப்பம் உண்டு. முதலில் அதைத் தீர்த்துவிடுவோம்.

1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. 1985-ல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. பின்னால் நம் பக்கம் எங்கு பார்த்தாலும் எக்ஸ்.எல். சூப்பர். இவையெல்லாம் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள். இவற்றின் சிலிண்டருக்குத் தேவையான டூ-டி ஆயில் பெட்ரோலோடு சேர்ந்து உள்ளே போய், வேலை முடிந்ததும் எரிந்து புகையாகிவிடும். மொபெட்டுக்குப் பெட்ரோல் போடும்போதே ஆயிலையும் கலந்து ஊற்றினோம். அதனால் ஆயில் போடுவது தானாகவே பழக்கமாக இருந்தது. பங்கில் ஆயில் ஊற்றுகிறவர் மறந்தால் அத்தாதான் வண்டியை விட்டு இறங்கி ஞாபகப்படுத்துவார்.

அதே 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்தது. அது ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலை நிரப்பி மூடிவிட்டு மறந்துவிடலாம் என்பதுதான் அதற்கு விளம்பரம். மைலேஜைப் பற்றிச் சொன்னதை நம் மக்கள் ஆயிலுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். 1994-ல் ஸ்பிளெண்டர் வந்த பிறகு ஊரே ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டது. 2015-ல் எக்ஸ்.எல். 100 வந்தபோது மொபெட்டும் மாறியது.

ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் பெட்ரோலோடு கலப்பதில்லை. என்ஜினுக்கு அடியில் தனியாகத் தேங்கி நிற்கும். ஒரு சிறிய பம்ப் அதை மேலே ஹெட் வரை ஏற்றி, வழிய விட்டு, மறுபடி அடிக்குக் கொண்டுவரும். அதே ஆயில்தான் மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. எனவே எக்ஸ்.எல். 100 வாங்கிய வீட்டில் பழைய நினைவில் பெட்ரோல் டேங்கில் டூ-டி ஆயிலைக் கலக்காதீர்கள். புகை வரும், பிளக் கரி பிடிக்கும், என்ஜினுக்கு ஒரு பயனும் இல்லை. பெட்ரோலில்தான் ஆயில் இருக்கிறதே என்று உள்ளே இருக்கும் ஆயிலைப் பார்க்காமலும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு லிட்டருக்குள் இத்தனை வேலை

காரில் மூன்று நான்கு லிட்டர் ஆயில் பிடிக்கும். நம் 100 சி.சி. வண்டியில் ஒரு லிட்டரோ அதற்கும் கொஞ்சம் குறைவோதான். கால் லிட்டர் குறைந்தால் கார் தாங்கிக்கொள்ளும். நம் வண்டிக்கு அது நான்கில் ஒரு பங்கு. மிச்சம் இருக்கும் முக்கால் பங்கு அத்தனை வேலையையும் செய்தாக வேண்டும்.

வேலையும் கொஞ்சநஞ்சம் அல்ல. காரில் கியருக்குத் தனி ஆயில், கிளட்ச் ஆயில் படாத இடத்தில். நம் பைக்கில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. பிஸ்டன் உரசாமல் வழுக்கச் செய்வதும் அதுதான், கியர்ப் பற்கள் மோதாமல் காப்பதும் அதுதான். கரியையும் இரும்புத் துகளையும் அள்ளிக்கொண்டு வருவதும் அதுவே. இதைவிட முக்கியம் சூட்டை இறக்குவது. இந்த வண்டிகளில் ரேடியேட்டர் இல்லை. எதிர்க்காற்றும் உள்ளே சுற்றும் ஆயிலும்தான் என்ஜினைக் குளிர வைக்கின்றன. சித்திரை வெயிலில், தார் ரோடு கொதிக்கும் மதியத்தில், பின்னால் ஆளும் மூட்டையுமாக, ரயில்வே கேட்டில் என்ஜினை அணைக்காமல் நிற்கும்போது எதிர்க்காற்றும் இல்லை. அப்போது ஆயில் ஒன்றுதான் துணை.

ஆயில் குறைந்தால் முதலில் அடிபடுவது மேலே இருக்கும் ஹெட். அங்கே கேம்ஷாஃப்டும் ராக்கரும் ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டே சுழல்கின்றன. அங்கிருந்து தையல் மெஷின்போல் டக்டக்கென்று சத்தம் வரும். சிலர் டேப்பெட் சத்தம் என்று அதை மட்டும் அட்ஜஸ்ட் செய்துகொண்டு போய்விடுவார்கள். டேப்பெட்டைத் தொடுவதற்கு முன் ஆயிலைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது

இது ஐந்தாறு நிமிட வேலை. வெள்ளிக்கிழமை காலை ஜும்ஆவுக்கு முன் வண்டி துடைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அப்போதே பார்த்துவிடலாம். ஆனால் வெள்ளைச் சட்டை போடுவதற்கு முன் பாருங்கள். ஆயில் கறை லேசில் போகாது.

முதலில் வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். வாசலில் சாக்கடைப் பக்கம் சரிவு இருந்தால் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த வேண்டும். சைடு ஸ்டாண்டில் ஒருபோதும் பார்க்காதீர்கள். வண்டி இடது பக்கம் சாயும்போது ஆயிலும் அந்தப் பக்கம் ஓடிவிடும். ஸ்பிளெண்டர் மாதிரி வண்டிகளில் அளவுக் குச்சி வலது பக்கம் இருக்கிறது. உள்ளே போதுமான ஆயில் இருந்தாலும் குச்சி குறைவாகக் காட்டும். நாம் பதறிப்போய் மேலும் ஊற்றிவிடுவோம். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியானால் ஒருவர் ஏறாமல் நேராகப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் பார்க்கலாம். வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அவர்களும் கற்றுக்கொள்வார்கள்.

என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை முறுக்காமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். வெளியில் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும். மூடிய நடையிலோ வராண்டாவிலோ புகை தேங்கினால் உயிருக்கே ஆபத்து. பிறகு அணைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். மேலே ஏறிய ஆயில் எல்லாம் வழிந்து அடிக்கு வர வேண்டும். அணைத்த உடனே பார்த்தால் குறைவாகக் காட்டும்.

இப்போது மூடியைத் திருகிக் குச்சியை வெளியே எடுங்கள். சுத்தமான, நூல் உதிராத துணியால் துடையுங்கள். ஹீரோ, ஹோண்டா வண்டிகளில் பலரும் தவறுவது அடுத்த படியில்தான். குச்சியை மறுபடி உள்ளே விடும்போது திருகக் கூடாது. மூடியின் மரை துளையின் விளிம்பில் உட்காரும் வரை வைத்து, அப்படியே வெளியே எடுக்க வேண்டும். திருகி இறக்கினால் குச்சி அந்த மரையின் உயரம் அளவுக்கு அதிகமாக உள்ளே போகும். குறைந்திருக்கும் ஆயிலும் நிறைந்ததுபோல் தெரியும். வேறு சில கம்பெனிகளின் வண்டிகளில் திருகி வைத்துத்தான் அளக்க வேண்டும். எனவே வண்டியோடு வந்த புத்தகத்தில் உங்கள் வண்டிக்கு என்ன சொல்லியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புத்தகம் தொலைந்துபோயிருந்தால் கம்பெனியின் இணையத்தளத்தில் கிடைக்கும். பிள்ளைகளிடம் சொன்னால் செல்போனில் எடுத்துத் தருவார்கள்.

குச்சியின் நுனியில் மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் இருக்கும். ஆயில் இரண்டுக்கும் நடுவில், மேல் கோட்டை ஒட்டி நின்றால் நல்லது. கீழ்க் கோட்டைத் தொட்டால் அன்றே ஊற்ற வேண்டும். கீழ்க் கோட்டுக்கும் கீழே போயிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். பக்கத்துக் கடைக்கு நடந்துபோய் ஆயில் வாங்கி வந்து ஊற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

பல்சர், ராயல் என்ஃபீல்டு போன்ற வண்டிகளில் என்ஜினின் பக்கவாட்டில் வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கும். அதில் மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் இடையில் ஆயில் தெரிய வேண்டும். வேலை சுலபம்தான். ஆனால் கண்ணாடி உள்பக்கம் பழுப்பேறிவிட்டால் கறையை ஆயில் என்று நினைத்து ஏமாந்துவிடுவோம். வண்டியை லேசாகச் சாய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆயில் நகரும், கறை நகராது.

கல்லூரிக்கும் கடைத்தெருவுக்கும் ஸ்கூட்டர் ஓட்டும் சகோதரிகளும் இதைப் பார்க்கலாம். ஆக்டிவா போன்ற கியர் இல்லாத வண்டிகளில் இரண்டு ஆயில் உண்டு. ஒன்று என்ஜின் ஆயில், அதற்குக் குச்சி இருக்கிறது. இன்னொன்று பின்சக்கரத்தை ஒட்டிய கியர் பெட்டியில் இருக்கும் ஆயில். அது சுமார் 100 மில்லிக்குச் சற்று கூடுதலாகத்தான் பிடிக்கும். சர்வீஸில் விடும்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நாம் கேட்காவிட்டால் பல இடங்களில் அது விட்டுப்போகிறது.

குச்சி சொல்லும் மற்ற சேதிகள்

அளவைப் பார்த்ததோடு குச்சியை மூடிவிடாதீர்கள். நிறத்தையும் பாருங்கள். ஆயில் கறுத்திருந்தால் உடனே பயப்பட வேண்டாம். கரியைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்வதுதான் நல்ல ஆயிலின் வேலை. மாற்றிய சில நூறு கிலோமீட்டரிலேயே அது கறுக்கத் தொடங்கும். கிலோமீட்டர் கணக்கைப் பார்த்து மாற்றுங்கள், நிறத்தை மட்டும் பார்த்து மாற்ற வேண்டாம். ஆனால் விரலில் தேய்க்கும்போது வெயிலில் மினுமினுவென்று துகள் தெரிந்தால் உள்ளே ஏதோ உலோகம் தேய்கிறது என்று பொருள். அதைத் தள்ளிப்போடாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

டீயில் பால் கலந்ததுபோல் வெளுத்துக் குழம்பியிருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முழங்கால் தண்ணீரில் ஓட்டிய வண்டிக்கும், தண்ணீர் பம்பால் பலமாக அடித்துக் கழுவிய வண்டிக்கும் இது வரலாம். அந்த ஆயிலில் வழுவழுப்பு இருக்காது. முழுதாக இறக்கிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். வெள்ளத்தில் மூழ்கி நின்ற வண்டியென்றால் ஸ்டார்ட் செய்தே பார்க்காதீர்கள். முதலில் ஆயிலை இறக்குங்கள்.

ஆயில் ஊற்றாமலே அளவு கூடியிருந்தால்? நல்லதாயிற்று என்று சிலர் நினைப்பார்கள். நல்லதல்ல. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளில் பெட்ரோல் ஒழுகி என்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும். முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். ஆயில் தண்ணீராக இளகிப்போயிருக்கும். கார்புரேட்டரைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றாமல் அந்த வண்டியை ஓட்டக் கூடாது. பழைய வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடும் பழக்கம் இதற்கும் சேர்த்துத்தான்.

அளவு மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் அது எங்கோ போகிறது. வண்டி நிறுத்திய இடத்தில் தரையைப் பாருங்கள். ட்ரெயின் போல்ட், கிக்கர் ஷாஃப்ட், கியர் ஷாஃப்ட், ஹெட் மூடி இந்த இடங்களில் ஈரம் இருந்தால் வாஷரோ ஆயில் சீலோ கேஸ்கெட்டோ போயிருக்கும். அது சின்ன செலவுதான். தரை காய்ந்திருந்து, முறுக்கும்போது சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் உள்ளே எரிகிறது. ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது. நம் கரிசல் காட்டுப் புழுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஏர் ஃபில்டர் கிழிந்தோ அடைத்தோ கிடந்தால் அந்த மாவுபோன்ற மண் உள்ளே போய் சிலிண்டரைத் தேய்க்கும். வெம்பக்கோட்டைப் பக்கம் மண்பாதையில் தினம் போய் வருகிறவர்கள் ஆயிலோடு ஃபில்டரையும் பார்க்க வேண்டும்.

எந்த ஆயில், எவ்வளவு

ஆயில் டப்பாவில் 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 என்று எழுதியிருக்கும். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முதல் எண் குளிர்ந்திருக்கும்போது ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பது, சின்ன எண்ணானால் சீக்கிரம் ஓடும். இரண்டாவது எண் சூடேறிய பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லது என்று சொல்லி எல்லா வண்டிக்கும் ஒரே ஆயிலை ஊற்றுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 10டபிள்யூ-30 கேட்கும் என்ஜினில் இடைவெளிகளும் பம்பும் அதற்கேற்பச் செய்யப்பட்டவை. புத்தகத்தில் உள்ளதை ஊற்றுவதே சரி.

டப்பாவின் பின்பக்கத்தில் ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.பி. என்று சிறிய எழுத்தில் இருக்கும். இது ஜப்பானியர் வகுத்த அளவுகோல். கியர் உள்ள பைக்குகளுக்கு எம்.ஏ. வேண்டும். அவற்றின் கிளட்ச் ஆயிலிலேயே நனைந்திருப்பதால் அது வழுக்காமல் பிடிக்க வேண்டும். எம்.பி. கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. கார் ஆயில் மிச்சமிருக்கிறதே என்று பைக்கில் ஊற்றினால் என்ஜின் ஓடும், கிளட்ச் வழுக்கும். முறுக்கினால் சத்தம் கூடும், வேகம் கூடாது.

குறைந்ததை நிரப்பும்போது ஒரேயடியாகக் கவிழ்க்காதீர்கள். 50 மில்லி போல ஊற்றி, சற்றுப் பொறுத்து, குச்சியைப் பார்த்து, மறுபடி ஊற்றுங்கள். அதிகமானாலும் கெடுதல்தான். ஆயில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஏறும், சீல்களைத் தள்ளிக்கொண்டு ஒழுகும், புகையும் வரும். மாற்றும்போது ஒரு லிட்டர் டப்பா வாங்கினோம் என்பதற்காக முழுவதையும் ஊற்றிவிடச் சொல்லாதீர்கள். வண்டி 800 அல்லது 900 மில்லிதான் கேட்கும் என்றால் மிச்சத்தை மூடி வீட்டுக்கு எடுத்து வாருங்கள். இடையில் நிரப்ப அதுவே உதவும்.

போலி ஆயிலும் சந்தையில் உலவுகிறது. மூடியின் சீல் உடையாமல் இருக்கிறதா, பேட்ச் எண் தெளிவாக அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், பில் கேளுங்கள். காலி டப்பாவைக் குப்பையில் போடுமுன் ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள். அதே டப்பாவில் கழிவு ஆயிலை வடிகட்டி அடைத்து விற்கிறவர்களுக்கு நாமே சரக்கு கொடுத்ததாகிவிடக் கூடாது.

எப்போது மாற்றுவது

ஹீரோவின் 100 சி.சி. வண்டிகளுக்கான புத்தகம் 6000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றவும், இடையில் 3000-ல் அளவு பார்த்து நிரப்பவும் சொல்கிறது. பட்டறையில் கேட்டால் 2000, 2500 என்பார்கள். யார் சொல்வது சரி? மெக்கானிக் வியாபாரத்துக்காகச் சொல்கிறார் என்று ஒதுக்கிவிட முடியாது. இரண்டு பேர், மூட்டை, வெயில், புழுதி என்று ஓடும் வண்டியைத்தான் அவர் தினமும் பார்க்கிறார். இடையில் அளவு பார்த்து நிரப்பும் பழக்கம் நம்மிடம் அறவே இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். வாரம் தவறாமல் குச்சி பார்க்கிறவர் புத்தகத்தின் கணக்கை நம்பிப் போகலாம். பார்க்காதவர் 3000-ல் மாற்றிவிடுவதே மேல்.

இதை நாளாக மாற்றிப் பாருங்கள். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போக வர 50 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. மாதம் 25 நாள் வேலை என்றால் 1250 கிலோமீட்டர். ஊருக்குள் சுற்றுவது தனி. 3000 கிலோமீட்டர் இரண்டரை மாதத்துக்குள் வந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் என்ற கணக்கில் இருக்கிறவர், வண்டியை 7500 கிலோமீட்டருக்கு மேல் ஒரே ஆயிலில் ஓட்டியிருப்பார். மாறாக, பள்ளிவாசலுக்கும் கடைக்கும் மட்டும் போய் வரும் வண்டி வருடத்தில் 3000 தாண்டாது. ஆனால் அந்தச் சின்னத் தூரத்தில் என்ஜின் முழுதாகச் சூடேறுவதே இல்லை. உள்ளே படியும் ஈரம் ஆவியாகாமல் தங்கிவிடும். அதற்கு வருடம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும்.

மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிடுங்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிறவர்கள் விற்பவர் சொல்வதை நம்பாமல், வாங்கிய அன்றே ஆயிலை மாற்றி அங்கிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும். மச்சானிடமோ பக்கத்து வீட்டிலோ வண்டி வாங்கிக்கொண்டு தென்காசி, ராமநாதபுரம் என்று தூரம் போகிறவர்களும் கிளம்புமுன் குச்சியைப் பாருங்கள். அது நம் கையில் இருக்கும் அமானத் அல்லவா? பெட்ரோல் மட்டும் நிரப்பித் திருப்பிக் கொடுத்தால் போதாது.

பயர் ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு

பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகும் சகோதரர்கள் கூடுதலாகச் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். ஆயில் ஒழுகும் வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஹெட்டிலிருந்து வழியும் ஆயில் கொதிக்கும் சைலன்சர் வளைவில் விழுந்தால் புகையும், சமயத்தில் தீயும் பிடிக்கும். வாசலில் ஒதுக்கிய இடத்தில்தான் வண்டியை நிறுத்த வேண்டும். வெயிலாக இருக்கிறது என்று செட் நிழலுக்குத் தள்ளிக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம்.

வேலை முடிந்து வந்த உடையோடு என்ஜினில் கை வைக்காதீர்கள். வெடியுப்பு, பேரியம் நைட்ரேட் போன்றவை எரிவதற்கு ஆக்சிஜன் கொடுக்கும் சரக்குகள். அவற்றின் தூளும் அலுமினியப் பொடியும் ஆயிலோடும் ஆயில் துணியோடும் சேர்ந்தால் எளிதில் தீப்பிடிக்கும் கலவையாகிவிடும். குளித்து உடை மாற்றிவிட்டு வண்டியைத் தொடுங்கள். ஆலையிலிருந்து வந்த காலி டின்னிலோ சாக்கிலோ ஆயிலையோ ஆயில் துணியையோ போட்டு வைக்காதீர்கள்.

தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் மூடியிருக்கும் வாரங்களில் பல வண்டிகள் அசையாமல் நிற்கும். அது மழைக்காலமும்கூட. வேலை தொடங்கும் நாளன்று அவசரமாகக் கிக்கரை உதைத்து முறுக்கிக்கொண்டு கிளம்பாமல், முந்தின நாளே குச்சியைப் பார்த்து, இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். மேலே காய்ந்திருக்கும் கேம்ஷாஃப்டுக்கு ஆயில் ஏற அந்த நேரம் வேண்டும்.

இறக்கிய ஆயிலை என்ன செய்வது

வீட்டிலேயே ஆயில் மாற்றத் தெரிந்தவர்கள் என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள். கொதிக்கும்போது வேண்டாம். ட்ரெயின் போல்டின் வாஷரைப் புதிதாகப் போடுங்கள், போல்டை மிதமாக இறுக்குங்கள். அலுமினிய மரை கழன்றுபோனால் 400 ரூபாய் வேலை பெரிய செலவாகிவிடும்.

இறங்கிய ஆயிலை வாசல் சாக்கடையில் ஊற்றுவதுதான் நம் தெருக்களில் நடக்கிறது. விருதுநகரின் சாக்கடை கௌசிகா ஆற்றில் இறங்குகிறது. ஆறு குல்லூர்சந்தை அணைக்குப் போகிறது. அங்கே வயல் இருக்கிறது, மீன் இருக்கிறது. கரையானுக்கு அடிக்கிறேன், புழுதி அடங்கத் தெளிக்கிறேன் என்று மண்ணில் ஊற்றுவதும் அதே கணக்குதான். 2016-ன் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் அபாயகரக் கழிவாகவே இடம்பெற்றிருக்கிறது. அடிக்கடி கையில் பட்டால் தோலுக்கும் கேடு. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில், குறிப்பாகக் குடிதண்ணீர் பாட்டிலில், அதை ஒருபோதும் வைக்காதீர்கள்.

பெரிய பட்டறைகளில் கழிவு ஆயிலுக்கென்று டிரம் இருக்கும். சுத்திகரிப்பவர்கள் வந்து எடுத்துப் போவார்கள். வண்டி ஆயில் வந்த அதே டப்பாவில் பழையதை ஊற்றி மூடி, அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது டிரம்மில் சேர்த்துவிடுங்கள். டப்பாவில் ஓட்டை போடுவது அதற்குப் பிறகு.